பொடி வீடியோவில் தெரியாத கை

ரங்கூன் லான்மடாவில் எங்கள் கட்டடம் ஆறு மாடி. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அந்த ஆறு மாடியிலும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பையன்கள் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளி விளையாடுகிற வீடியோவை மடிக்கணினியில் பார்த்து, இவன் கல்லூரி அணிக்குத் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுக்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். இரண்டாம் மாடி அக்கா ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்தே கேட்டுவிட்டாள்.

"ஏன்டி, நீ அந்த ஆட்டத்த ஆடிருக்கியா? ஆடாதவ எப்புடி மார்க் போடுவ?"

"நீ கொரியா நாடகம் பாத்து மூக்கச் சிந்துறியே, நீ என்ன கொரியாவுல பொறந்தவளா?" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

வாயடைத்துவிட்டேனே தவிர அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் இருபது வருஷம் ஆங்கில டியூஷன் எடுத்தவள். என்னை எடுத்ததே என் ஆங்கிலத்துக்காகத்தான். ஆட்டத்தைக் கம்பெனி அனுப்பிய பாடங்களைப் பார்த்து ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டேன். பேர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை கம்மி. தடித்தடியாக இரண்டு வரிசை ஆட்கள் எதிரும் புதிருமாகக் குனிந்து நிற்பார்கள். ஒரு வரிசைக்குப் பின்னால் ஒருவன் பந்தை எறியத் தயாராக நிற்பான். எதிர்வரிசையின் ஓரத்தில் நிற்கிறவனுக்கு எட்ஜ் ரஷர் என்று பெயர். பந்து அசைந்ததும் அவன் ஓரமாகப் பாய்ந்து, தன்னைத் தடுக்க நிற்கிறவனைத் தாண்டி, எறிகிறவன் எறிவதற்கு முன்னால் போய் அமுக்க வேண்டும். என் பங்குக்கு வந்தவர்கள் இந்த ஓரத்துக்காரர்கள்தான்.

அவன் ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். தாண்டியது அவன் திறமையா, தடுத்தவன் செய்த தப்பா? அதில் எந்தக் கட்டத்தில் டிக் விழுகிறதோ அதுதான் பையனின் தலையெழுத்து.

எங்கள் குழுவில் என்னோடு சேர்த்து ஏழு பேர், அவரவர் வீட்டிலிருந்து வேலை. எங்கள் மேலதிகாரி ஒரு பர்மியத் தம்பி, முப்பது வயது இருக்கும், என்னை அன்ட்டி என்றுதான் கூப்பிடுவார். அவரோடு பேச்சு முழுக்க பர்மிய மொழியில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன். மற்ற ஆறு பேரும் சின்னப் பிள்ளைகள். பர்மியர்கள் 'ஆனாடே' என்பார்கள், அடுத்தவர் மனம் நோகுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்வது. அந்தப் பிள்ளைகள் முன்பின் தெரியாத அமெரிக்கப் பையன்களிடமும் ஆனாடே பார்த்து, எல்லாரையும் 'நல்ல முயற்சி' என்று எழுதிவைப்பார்கள். எனக்கு அந்த வியாதி கிடையாது. மனதில் பட்டதைப் பட்டென்று எழுதுவேன். அதற்காகவே கஷ்டமான பையன்களை என்னிடம் தள்ளுவார்கள். எனக்கு அதில் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு பெருமையும் இருந்தது. பொடி வீடியோ என் கண்டுபிடிப்பு. ரங்கூனில் மின்சாரம் முறை வைத்து வரும், முறைப்படி வராது. 'மீ லாபீ!' என்று தெருவே கத்தினால் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்துக்குள் சோறு வடித்து, தண்ணீர் ஏற்றி, துணியைத் தேய்த்து, வீடியோவையும் இறக்க வேண்டும். பெரிய வீடியோ பாதி இறங்கும்போதே விளக்கு போய்விடும். கைப்பேசியில் பார்ப்பதற்காக ஒவ்வொரு வீடியோவுக்கும் பொடி அளவில் ஒரு பதிப்பு இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். ஒருவர் வீட்டில் மின்சாரம் இருந்தால் ஏழு பேருக்கும் இறக்கி, பென் டிரைவில் போட்டு லத்தா, லான்மடா என்று பேட்டை பேட்டையாகக் கைமாற்றிக்கொள்வோம். கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தோம். வேறெந்த ஊர்க் குழுவையும்விட நாங்கள் சீக்கிரம் முடித்துக் கொடுத்தோம். தம்பி என்னை எல்லார் முன்னாலும் மெச்சினார். தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

அப்படி இருக்கும்போதுதான் ஐம்பத்தேழு வந்தான். சட்டையில் இருந்த எண்ணைத்தான் சொல்கிறேன். பேரை நாங்கள் எழுதுவதில்லை. பதினேழு வயது, நீளக் கை, ஒல்லி உடம்பு. ஒரு கல்லூரி அவனுக்கு இடம் தருவதாக வாய்வார்த்தை கொடுத்திருந்தது. படிப்பு, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் இலவசம், இந்த ஆட்டம் ஆடுவதற்காக. நடுவில் பயிற்சியாளர் மாறிவிட்டார். புதியவர், வாக்கைக் காப்பாற்றலாமா, கைவிடலாமா என்று வெளியாள் கண்ணால் ஒரு தடவை பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். அந்த வெளியாள் கண் என் கண்.

பார்த்தேன். நாற்பத்து மூன்று தடவை பாய்ந்திருந்தான். பதினோரு தடவை தடுத்தவனைத் தாண்டியிருந்தான். அதில் ஒன்பது தடவை தடுத்தவன் தானாகவே தடுமாறிச் சரிவதுபோலத்தான் இருந்தது. ஐம்பத்தேழு அவனைத் தொட்டதுகூடத் தெரியவில்லை. ஒன்பதுக்கும் 'தடுத்தவன் தப்பு' என்று டிக் போட்டேன். கீழே, இந்தப் பையனுடைய பெயர் எதிராளிகளின் கால் வழுக்கலில் கிடைத்தது, இவனை நம்ப வேண்டாம் என்று எழுதினேன். எழுதிவிட்டு நல்ல வாக்கியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அனுப்பினேன்.

செவ்வாய் காலை தம்பி கூப்பிட்டார். தடுத்தவன் தானாக விழுந்த இடங்களில் மூன்றுக்குத் தெளிவான நிழற்படம் வேண்டுமாம், புதிய பயிற்சியாளர் கேட்கிறாராம். பொடி வீடியோவில் எடுத்தால் புகைமூட்டமாக இருக்கும். பெரிய வீடியோதான் வேண்டும். வீட்டில் மின்சாரம் இல்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு க்யிம்யிண்டைங்குக்கு பஸ் ஏறினேன். அங்கே படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் மண்டியில் என் வீட்டுக்காரர் கிளார்க். மண்டியில் ஜெனரேட்டர் உண்டு, நல்ல இன்டர்நெட்டும் உண்டு.

ஒரே ஒரு பாய்ச்சலை இறக்கினேன். அது இறங்குவதற்குள் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா ஒன்று சாப்பிட்டு லபெயே டீயும் குடித்து முடித்துவிட்டேன். திறந்து ஒவ்வொரு படமாக நகர்த்தினேன்.

கை இருந்தது.

தடுப்பவன் இரண்டு கையையும் நீட்டுகிறான். ஐம்பத்தேழு தன் இடக்கையால் அவன் முழங்கைக்குக் கீழே ஒரு தட்டு தட்டுகிறான். மேல்நோக்கி, சுருக்கென்று, இடுப்பைத் திருப்பிக்கொண்டே. தடுப்பவன் பிடி நழுவிச் சரிகிறான். கண்ணை மூடித் திறப்பதற்குள் கை பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. பொடி வீடியோவைப் பக்கத்தில் திறந்து பார்த்தேன். அதில் ஒரு நொடிக்குப் பத்துப் படம்தான். கை கிளம்புவதற்கு முன்னால் ஒரு படம், கை திரும்பி வந்த பிறகு ஒரு படம். நடுவில் நடந்தது அதில் இல்லவே இல்லை. மங்கல் என்று நினைத்தேனே, மங்கல் இல்லை, பாதி ஆட்டமே காணோம்!

ஐயோ என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவதை இறக்கினேன். கை இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டு, நல்ல வாக்கியம் எழுதினோம் என்று உட்கார்ந்திருந்தேனே.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆமா, தட்டுறான். சரி, அதுக்கு ஏன் இப்புடிப் பதறுற? அனுப்புனது அனுப்பியாச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதே!"

"உனக்கு மட்டுந்தான தெரியுது? சும்மா கெடக்குற சங்க ஏன் ஊதிக் கெடுக்குற?"

"அவன் உங்க பிள்ளையா இருந்தா இப்புடிப் பேசுவீங்களா?" என்றேன். அவர் கணக்கு மேசைக்குப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்தது என்று அப்போதே தெரியும்.

தம்பியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அன்ட்டி, ரிப்போர்ட் பூட்டியாச்சு. திறக்கணும்னா நம்ம தப்புன்னு எழுதிக் குடுக்கணும். குடுத்தா வேற எதெல்லாம் தப்புன்னு கேப்பாங்க. ஏழு பேரு வேலை இருக்கு இதுல."

"ஒரு பிள்ளையோட படிப்பும் இருக்கு தம்பி."

"அவங்க நம்மள மட்டுமா கேக்குறாங்க? வேற ஆளுங்களும் பாப்பாங்க."

"வேற ஆளு பாப்பாங்கன்னு சொல்லித்தான் உலகத்துல பாதி அநியாயம் நடக்குது. பொடி வீடியோவக் கண்டுபிடிச்சவ நான். உங்க யாரு பேரும் வேணாம். என் பேர எழுதுங்க."

அவர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. கடைசியில், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கொடுத்தால் உள்ளே சேர்க்கலாம், அதற்குப் பிறகு பயிற்சியாளர் முடிவெடுத்துவிடுவார் என்றார். ஒன்பது இடத்தை மட்டும் திருத்தினால் நம்பமாட்டார்கள், நாற்பத்து மூன்றையும் பெரிய வீடியோவில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் படத்தோடு கொடுக்க வேண்டும்.

"முடியுமா அன்ட்டி?"

"முடியுதோ முடியலையோ, செய்வேன்."

மூன்று நாள் மண்டியில் குடியிருந்தேன் என்றே சொல்லலாம். காலையில் முதல் பஸ்ஸில் போய், தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவேன். ஜெனரேட்டர் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது இறங்கி முடிந்ததைப் பார்ப்பேன். ஒரு பாய்ச்சலுக்கு நூறு நூற்றிருபது படம். ஒவ்வொன்றாக நகர்த்தி, கை எங்கே, கால் எங்கே, இடுப்பு எங்கே என்று எழுதுவேன். அவன் தாண்டாத பாய்ச்சல்களிலும் கை இருந்தது. தட்டித் தட்டிப் பார்த்து, எதிராளி எப்படி நிற்கிறான் என்று படித்துக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். களைத்துவிட்டால் நிமிர்ந்துவிடுகிறான், நிமிர்ந்தால் எவனும் தள்ளிவிடலாம். அதையும் எழுதினேன். பாவம் பார்த்து உயர்த்திப் போட்டால் அதுவும் பொய்தானே.

புதன்கிழமை கண் சிவந்து நீர் கொட்டியது. வியாழக்கிழமை மண்டி முதலாளியம்மா வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "சண்டையா?" என்று பர்மிய மொழியில் கேட்டார். விளையாட்டுத்தான் என்றேன். "விளையாட்டுக்கா இவ்வளவு அழுகை?" என்று ஒரு தேங்காயை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கிளம்பும்போது முப்பத்தெட்டு முடிந்திருந்தது. மிச்சம் ஐந்து. வெள்ளி காலை ஆறு மணிக்கு வந்தால் தாராளமாக முடித்துவிடலாம் என்று நிம்மதியாக பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார். "நாளைக்கு பௌர்ணமி. மண்டி லீவு."

பௌர்ணமி அன்று இந்த ஊரில் சந்தை திறக்காது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிற எனக்கு மறந்துபோயிருந்தது. லத்தாவில் இருக்கிற எங்கள் குழுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன், எந்த வீட்டிலும் காலையில் மின்சார முறை இல்லை. நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

விடிந்து எழுந்தால் ஆளைக் காணோம். ஆறரைக்குக் கைப்பேசி அடித்தது.

"கெளம்பி மண்டிக்கு வா. சாவி வாங்கிட்டேன்."

முதலாளியம்மா பௌர்ணமிக்கு விரதம் இருக்க முதல்நாளே மடாலயத்துக்குப் போய்விட்டாராம். இவர் விடியற்காலையில் அங்கே போய், வெள்ளை உடுப்பில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் அவரைத் தேடிப் பிடித்து, என் பெண்சாதி விஷயமாக ஒரு உதவி என்று கும்பிட்டிருக்கிறார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காத மனுஷன். கூச்சத்தில் மாதா கோயில் திருவிழாவில் இரண்டாவது தடவை குழம்புகூடக் கேட்கமாட்டார். மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜெனரேட்டரை ஓடவைத்துவிட்டு, கை முழுக்க டீசலோடு நின்றார்.

"விடுன்னு சொன்னேன், நீ விட மாட்ட," என்றார். "ஒக்காரு."

அவர் கையைப் பிடித்தேன். டீசல் என் கையிலும் ஆனது.

எட்டு ஐம்பதுக்கு நாற்பத்து மூன்றாவது முடிந்தது. கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். திங்கட்கிழமை எழுதியது தவறு. தவறு என்னுடையது. வேகமாக நடப்பது பதிவாகாத வீடியோவைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஒன்பதில் எட்டு தடவை இந்தப் பையன் தன் கையால் ஜெயித்திருக்கிறான். படங்கள் இதோ. கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

சனி, ஞாயிறு பதில் இல்லை. ஞாயிறு தேவாலயத்தில் முழங்காலில் நின்றபோது எனக்காக ஒன்றும் கேட்கவில்லை, அவன் ஒருவனுக்காகத்தான் கேட்டேன். செவ்வாய் காலை தம்பியின் குரலே வேறு மாதிரி இருந்தது.

"அன்ட்டி! வாக்கக் காப்பாத்திட்டாங்க. இடம் உறுதி. உங்க வேலைக்கும் ஒண்ணும் ஆகல, இனிமே பெரிய வீடியோவில மட்டும் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. தப்பிச்சோம்."

அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன். இரண்டாம் மாடி அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து அழுதாள்.

அந்தச் சந்தோஷம் அன்று மத்தியானம் வரைக்கும் இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மெதுவான கை பொடி வீடியோவில் தெரியும். சுமாரான கை பாதி தெரியும். எவன் கை எல்லாரையும்விட வேகமோ, அவன் கைதான் தெரியாமலே போகும். அப்படியென்றால் இத்தனை நாளும் நான் யாரைத் தேறமாட்டான் என்று எழுதியிருக்கிறேன்?

ஈரக்கையோடு வந்து பழைய பட்டியலைத் திறந்தேன். 'தடுத்தவன் தப்பு' என்று அதிகமாக டிக் வாங்கியவர்களைத் தனியாக எழுதினேன். பத்தொன்பது பேர். தம்பியைக் கூப்பிட்டேன்.

"அன்ட்டி, அதெல்லாம் போன சீசன். முடிஞ்சு போச்சு. எதுக்கு?"

"பாக்கணும்."

"பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

"மொதல்ல பாக்குறேன் தம்பி."

மறுநாள் மண்டிக்குப் போனேன். பத்தொன்பது பேரில் முதலாமவனுக்கு எண் தொண்ணூற்றொன்று. குட்டைப் பையன், என் ஞாபகத்திலேயே இல்லை. பெரிய வீடியோ இறங்கியது. ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். கை இருந்தது. ஐம்பத்தேழின் கையைவிட வேகம்.

அவன் கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே கல்லூரி தன் முடிவைப் பதிந்திருக்கும். இடம் மறுக்கப்பட்டது என்று இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் இரண்டு வரி ஆங்கிலம். படித்துக்கொண்டு போகும்போதே தெரிந்தது, அவனைப் பற்றி நான் எழுதியிருந்த வாக்கியத்தையே ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

திருத்தம் எழுதி, பதினாறு படம் சேர்த்து, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். முடிந்துபோன கோப்பு, ஏற்க முடியாது என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. அவன் இப்போது எங்கே இருக்கிறான், ஆடுகிறானா இல்லையா, எனக்குத் தெரியாது. மூன்றாம் தடவை அனுப்பிவிட்டு, இரண்டாமவனுடைய வீடியோவை இறக்கப் போட்டேன்.